செம்பூரில் தாங்கிய பூச்சு

எங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு மின்உலை இருக்கிறது. மின்சாரம் இருந்தால் சூடேறும், போனால் ஆறிவிடும். திருநெல்வேலிப் பக்கத்து மின்வெட்டுகளுக்கு இடையே அந்த உலையை நம்பித்தான் நானும் என் ஆய்வு மாணவி பேச்சியம்மாளும் பல வருடங்களாக ஒரு பூச்சைச் செய்துகொண்டிருந்தோம். அனல்மின் நிலையத்துக் கொதிகலனுக்குள் ஓடும் குழாய்களின் மேல் பூச வேண்டிய பூச்சு அது. நிலக்கரிச் சாம்பலில் இருக்கிற உப்பு சூட்டில் உருகிக் குழாயை வெளிப்பக்கமாக அரிக்கும். குழாய் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

உலையில் வைத்துப் பார்த்தது போதாது. நிஜமான தீயில், உப்புநீரைத் தெளித்து, சுடவைத்து, ஆறவைத்து, மறுபடியும் சுடவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று இருக்கும் எந்திரத்துக்குப் பர்னர் ரிக் என்று பெயர். எங்கள் பக்கத்தில் அது கிடையாது. மும்பையில் செம்பூருக்கு அப்பால் ஓர் ஆய்வு வளாகத்தில் இருந்தது. எங்களுக்குப் பணம் தந்த பாதுகாப்புத் துறைத் திட்டத்தின் வழியாக அங்கே இடம் கிடைத்தது.

கொதிகலன் குழாய்க்குப் பாதுகாப்புத் துறை ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கலாம். குழாய்க்காக என்று பல கதவுகளைத் தட்டினோம். ஒன்றும் திறக்கவில்லை. கடல் உப்பும் இதே மாதிரிதான் உலோகத்தை அரிக்கிறது என்று ஒரு வரி சேர்த்து எழுதினோம். உடனே திறந்தது. முடிவுகளை வெளியிடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முந்தைய கட்டுரைகளுக்குக் கேட்டதும் அனுமதி வந்தது. அதனால் அதைப் பற்றி இருவரும் பெரிதாக நினைக்கவில்லை.

பூச்சில் என்ன கலந்தது, எந்த வளாகம் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

குர்லாவில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. எனக்குப் பம்பாய் அதுதான் முதல் தடவை. பேச்சிக்கு அது சொந்த ஊர். தாராவியில் பிறந்து, ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் படித்து, அப்பா அம்மாவின் மாவட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவள். வந்த புதிதில் எங்கள் ஊர் பஸ்ஸில் போர்டைப் படிக்கத் தெரியாமல் அம்பாசமுத்திரத்துக்குப் பதில் ஆலங்குளம் போய்விட்டு வந்தாள். இங்கே நிலைமை தலைகீழானது. நான் ஆட்டோக்காரரிடம் வாயைத் திறக்க, அவர் என்னைத் தாண்டி பேச்சியைப் பார்த்தார்.

"மேம், நீங்க சும்மா இருங்க. நீங்க பேசுனா டபுள் கேப்பான்."

எனக்குத் திலக் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியறை ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டே ஆகவேண்டும் என்று பேச்சியின் அம்மா சொல்லியனுப்பியிருந்தார். தொண்ணூறடிச் சாலையில் இறங்கி ஒரு சந்துக்குள் நுழைந்தோம். நான் ஒல்லிதான், இருந்தாலும் எதிரே ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருந்தது. தலைக்கு மேல் ஒயர்கள், காலடியில் மூடிய சாக்கடை. இரண்டு பக்கமும் சம்சா மாவு, தோல், சாம்பிராணி என்று வாசனை வீட்டுக்கு வீடு மாறியது. எல்லா வாசலிலும் என் ஊர்த் தமிழ் கேட்டது. ரயிலில் அத்தனை தூரம் வந்து பாளையங்கோட்டையில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றியது.

"வாங்க டீச்சர், வாங்க. பாத்து, தலையில முட்டிராதீய."

சொர்ணம் அம்மாள் கட்டைகுட்டையான பெண். இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஒரே அறை. மேலே பலகை போட்டு இன்னொரு அறை மாதிரி ஆக்கியிருந்தார்கள், ஏணியில் ஏற வேண்டும். கணவர் காலமாகி நெடுநாளாகிறது. சோறு, புளிக்குழம்பு, பம்பாய் வாத்து என்று எனக்குச் சொல்லப்பட்ட ஒரு மீன். அது வாத்து இல்லை என்பதே எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கேட்காமலே மறுசோறு விழுந்தது.

சுவரில் ஓர் இளைஞனின் படம், மாலையோடு. எனக்குத் தெரியும். பேச்சியின் அண்ணன் சுடலை. அனல்மின் நிலையங்களில் கொதிகலனை நிறுத்திச் சுத்தம் செய்யும் காலத்தில் ஒப்பந்தக்காரர்கள் தாராவியிலிருந்து பையன்களைக் கூட்டிப் போவார்கள். ஷட்டவுன் வேலை என்பார்கள். சுடலை குஜராத் பக்கம் போனான். வேலை முடிந்து கொதிகலனை மறுபடி ஓட்டியபோது, பக்கத்தில் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தவன் மேல் மெலிந்திருந்த குழாய் ஒன்று வெடித்தது. அதிலிருந்து பீறிடும் நீராவி கண்ணுக்குத் தெரியாது. பேச்சி அப்போது எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். என்னிடம் சேர வந்த அன்று, உனக்கு எந்தத் தலைப்பில் விருப்பம் என்று கேட்டேன். குழாய் ஏன் வெடிக்குது மேம் என்றாள். காரணத்தை அவள் சொல்ல ஒரு வருடம் ஆனது.

சொர்ணம் அம்மாள் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சர், இது பாஸாயிட்டுன்னா கொழாயில பூசிருவாவ, என்ன?"

"முதல்ல பாஸாகட்டும்மா" என்றேன்.

"ஆவும். எம்பிள்ள செஞ்சது."

மறுநாள் காலை செம்பூருக்குப் போகும் வண்டியில் ஏறினேன். திலக் நகருக்கு அடுத்த நிலையமே செம்பூர், நடந்தே போகலாம் என்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். மழைச் சேற்றுக்குப் பயந்து ரயிலில் ஏறியது என் தவறு. பெண்கள் பெட்டியில் உள்ளே தள்ளப்பட்டேன். செம்பூர் வந்ததும் இறங்க முயன்றேன். எனக்கும் வாசலுக்கும் நடுவே நின்றவர்களில் ஒருவரும் அசையவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. மீன்கூடைக்காரப் பெண் ஒருத்தி மராத்தியில் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் இங்கிலீஷில் சொன்னாள்: "இறங்குகிற ஊருக்கு முந்தின ஊரிலேயே வாசலுக்கு வந்துவிட வேண்டும், இந்த அம்மா புருஷன் வீட்டுக்குப் போகிற மாதிரி யோசித்து யோசித்து நிற்கிறாள் என்கிறார்." கோவண்டியில் என்னைப் பெட்டியே வெளியே துப்பியது. பேச்சி செம்பூர் வளாக வாசலில் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரிக்கை நடத்தும் எஞ்சினியர் சுஹாஸ் மராத்திக்காரர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். எங்கள் மாதிரிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பென்சில் அளவு உலோகத் தண்டுகள். சிலவற்றில் எங்கள் பூச்சு. சிலவற்றில் கடைகளில் கிடைக்கும் பூச்சு. சிலவற்றில் ஒன்றுமே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க. அவற்றை வட்டமாக ஒரு தட்டில் நட்டு, தட்டைச் சுழலவிட்டு, நடுவே தீயைப் பாய்ச்சுவார்கள். தீயோடு சேர்ந்து உப்புநீர் பனிபோல வரும். கொஞ்ச நேரம் தீ, பிறகு குளிர்காற்று, பிறகு தீ. நாள் முழுக்க, பல நாள்.

முதல்நாள் தீ இரண்டு முறை அணைந்தது. உப்பு காய்ந்து தெளிப்பான் வாயை அடைத்துக்கொண்டது. சுஹாஸ் ஹிந்தியில் எந்திரத்தைத் திட்டினார், பேச்சி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒழுங்காக எரியத் தொடங்கியது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். தண்டுகள் ஆரஞ்சு நிறமாகி, வெளுத்து, வெளியே வந்து மங்கி, மறுபடி உள்ளே போயின. எங்கள் ஊர் உலையில் கதவைச் சாத்திவிட்டு நம்பிக்கையோடு காத்திருப்போம். இங்கே தீயிலிருக்கும்போதே பார்க்க முடிந்தது. பேச்சி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

அதற்குப் பிறகு காத்திருக்கிற நாட்கள். காலையில் வளாகத்துக்குப் போவோம். பார்ப்போம். பிறகு வெளியே வந்து சாப்பிடுவோம். வடா பாவை நான் முதலில் அவமதித்தேன். போண்டாவை பன்னுக்குள் வைத்தால் அதுக்கு ஒரு பேரா என்றேன். மூன்றாவது நாள் நானே போய் வரிசையில் நின்றேன். டீயைப் பாதிப்பாதியாகத் தருகிறார்கள். அதற்குக் கட்டிங் என்று பெயர். எங்கள் ஊரில் கட்டிங் என்றால் வேறு பொருள் என்று பேச்சி சொன்னதும் சுஹாஸ் டீ புரையேறிச் சிரித்தார்.

அந்த நாட்களில் பேச்சி நிறையப் பேசினாள். பூச்சு முடிந்ததும் அதை ஒரு துப்பாக்கி மாதிரிக் கருவியால் குழாய் மேல் தெளிக்கலாமாம், கொதிகலனைப் பிரிக்க வேண்டியதில்லையாம். ஷட்டவுன் நேரத்திலேயே செய்யலாம். அதற்குத் தாராவிப் பையன்களையே பழக்கலாம். "அவனுங்க எப்பிடியும் உள்ள போகத்தான போறாங்க மேம். போறதுதான் போறாங்க, பூசிட்டு வரட்டுமே." ஆய்வுக்கட்டுரையில் இதெல்லாம் வராது. நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

ஒரு நாள் பெண்கள் பெட்டியில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைப் பேச்சி எனக்கு மெதுவாகச் சொன்னாள். ஒருத்தியின் கணவன் டிராம்பே பக்கம் தொழிற்சாலையில் வெல்டர். அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் முதலில் அவன் கைகளைத்தான் பார்ப்பாளாம். மற்றவள், நான் செருப்பைப் பார்ப்பேன், செருப்பு வாசலில் இருந்தால் போதும் என்றாளாம். சொல்லிவிட்டு பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சோதனை முடிந்தது. சுஹாஸ் தட்டை ஆறவிட்டு, இடுக்கியால் தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பூச்சில்லாத தண்டு இடுக்கி பட்டதும் ஓடு ஓடாக உதிர்ந்தது. கடைப் பூச்சுகள் கொப்பளித்து, பச்சையும் கறுப்புமாக வெடித்திருந்தன. எங்களுடையது மங்கிய சாம்பல் நிறத்தில், வைத்த மாதிரியே இருந்தது. தராசில் வைத்தோம். எடை மாறவில்லை என்றே சொல்லலாம். சுஹாஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஹிந்தியில் ஒரே வார்த்தை சொன்னார். பேச்சி சிரித்த சிரிப்பிலிருந்து அது நல்ல வார்த்தை என்று புரிந்தது.

அவள் நடைபாதைக்கு ஓடிப்போய் அம்மாவுக்குப் போன் போட்டாள். "ம்மா, பாஸாயிட்டு! ஆமா, நம்மளுதுதான். ஒண்ணுமே ஆவல!" போனிலிருந்து குலவை மாதிரி ஒரு சத்தம் எனக்கே கேட்டது. ஆசிரியை என்ற முறையில் நான் அழக்கூடாது. அழுதேன்.

மறுநாள் திட்ட ஒருங்கிணைப்பாளர் விஸ்வநாதன் எங்களை மாட்டுங்காவுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். பாலக்காட்டுக்காரர், அப்பா காலத்திலேயே பம்பாய்க்கு வந்த குடும்பம். தமிழ் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் திட்டத்துக்குப் பணம் வரச்செய்தவர் அவர்தான். நல்ல மனிதர் என்று இன்றும் நினைக்கிறேன்.

மாட்டுங்காவில் இறங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. வாழையிலை, மல்லிகை, காப்பிக்கொட்டை வறுக்கும் மணம், கோயில் மணி, பட்டுப்புடவைக் கடை என்று எல்லாமே இங்கே இருக்கும்போது நான் ஏன் இத்தனை நாள் பாவுக்குள் போண்டாவைத் தின்றேன்? பேச்சி சிரித்தாள். "தாராவியில இருந்து ஒரே ஸ்டேஷன் மேம். நானே நாலஞ்சு தடவதான் வந்திருக்கேன்."

இலையில் சாப்பாடு. ரசத்துக்கு மேல் ரசம் வந்துகொண்டே இருந்தது. விஸ்வநாதன் எங்கள் முடிவுகளைப் புகழ்ந்தார். பேச்சியின் தாராவி வீட்டைப் பற்றி விசாரித்தார். காப்பி வந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ரொம்ப நன்னா வந்திருக்கு. இத்தன நன்னா வரும்னு நாங்க யாருமே எதிர்பாக்கல, அதான் விஷயம். நேத்திக்கே டெல்லி வரைக்கும் பேசியாச்சு. இனிமே இத பத்தி பேப்பர் போடப்படாது. கான்ஃபரன்ஸ்ல பேசப்படாது. கலவைய யாருக்கும் சொல்லப்படாது."

"சார், என் தீசிஸ்?" என்றாள் பேச்சி.

"அதெல்லாம் உண்டு. கதவ சாத்திண்டு வைவா நடக்கும். டிகிரி வந்துடும். நீ ஒண்ணும் கவலப்படாதே. தீசிஸ் மட்டும் லைப்ரரிக்குப் போகாது, எங்ககிட்ட இருக்கும்."

எதற்குப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதையும் அவர் பாதி சொன்னார். கடலில் ஓடும் ஓர் எந்திரம் என்பதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

பேச்சி டவராவில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "போடுங்க சார். சந்தோஷம்தான். பாய்லருக்கும் போடலாம்ல? ரெண்டுக்கும் போட்டா என்ன?"

விஸ்வநாதன் அவளை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பாய்லர்னா டெண்டர் விடணும்மா. வெளி கம்பெனி பண்ணும். நாளைக்கு வெளி தேசத்துக்காரன் ஒரு ட்யூப வெட்டி எடுத்துண்டு போனா எல்லாம் தெரிஞ்சுடும். ரெண்டுக்கும்னா அப்பறம் அது ரகசியமே இல்லையே."

"எத்தன வருஷத்துக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நம்ம காலத்துல இல்லேன்னு வெச்சுக்கோயேன்."

நான் ஒப்பந்தத்தைப் பற்றி, நோக்கத்தைப் பற்றி, பல்கலைக்கழகத்தின் உரிமையைப் பற்றிப் பேசினேன். குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். விஸ்வநாதன் எதையும் மறுக்கவில்லை. என் இடத்தில் அவர் இருந்தாலும் இப்படித்தான் பேசுவாராம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேனாம். அது எனக்குப் பொய்யாகப் படவில்லை. யாராவது கெட்டவனாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

திரும்பும் வண்டியில் பேச்சி சயான் வரை பையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள். "மேம், பழைய கலவ இருக்குல்லா? இந்தத் திட்டத்துக்கு முன்னால செஞ்சது. அதுல இவங்களுக்கு ரைட்ஸ் கிடையாதே."

இருந்தது. எங்கள் உலையில் முதல் வருடங்களில் செய்தது. இதோடு ஒப்பிட்டால் நோஞ்சான். ஆனாலும் வெறும் குழாயைவிட நெடுநாள் தாங்கும். அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டிருந்தோம். உலகத்தில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் டிராம்பே போகும் பஸ்ஸில் ஏறினோம். பல மின் நிலையங்களுக்குக் கொதிகலன் பராமரிப்பு செய்துதரும் ஒரு கம்பெனியின் அலுவலகம் அந்த வழியில் இருந்தது. சுஹாஸின் நண்பர் ஒருவர் வழியாக மேலாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தோம். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார், கண்டக்டர் இறங்கி டிரைவரைப் பார்த்தார், நாங்கள் இறங்கி நடந்தோம். லாரிகள் சேற்றை அடித்துவிட்டுப் போயின. புடவையின் கீழ்ப்பாதி பழுப்பாகிப் போன கோலத்தில் அந்தக் குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்தேன்.

மேலாளருக்கு நாற்பது வயதிருக்கும். பொறுமையாகக் கேட்டார். பேச்சி ஹிந்தியில் விளக்கினாள். படங்களைக் காட்டினாள். கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தார். கேட்ட கேள்விகளெல்லாம் விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்விகள். எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் கடைசியில் சொன்னதை பேச்சி எனக்குப் பிற்பாடு வரிக்கு வரி சொன்னாள்.

"நல்ல வேலை, மேடம். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழாய் மெலிந்தால் மாற்றுவதற்கு எங்களுக்கு ஒப்பந்தம் உண்டு. மெலியாமல் பார்த்துக்கொள்ள ஒப்பந்தம் இல்லை. குழாய் வெடித்தால் நிலையம் நிற்கும், அதற்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ஆளுக்கு ஏதாவது ஆனால் அது லேபர் காண்ட்ராக்டர் கணக்கு, எங்கள் கணக்கில் வராது. நீங்கள் சொல்கிற பூச்சுக்கு நான் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவேன்?"

"என் அண்ணன் அப்படித்தான் செத்தான்" என்றாள் பேச்சி. எந்த ஊர், எந்த நிலையம் என்பதையும் சொன்னாள்.

மேலாளர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அந்த நிலையம் அவருக்குத் தெரியும்போல. மணியடித்து டீ கொண்டுவரச் சொன்னார். முழு டம்ளர் டீ வந்தது. மூன்று பேரும் குடித்தோம். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். எங்களுக்குக் கார் ஏற்பாடு செய்யவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

பஸ் நிறுத்தத்தில் பேச்சி தூரத்தில் தெரிந்த ஒரு புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மேம், ரகசியம்னு சொல்லி எடுத்துக்கிட்டாங்களேன்னு நேத்து முழுக்க அழுதேன். இன்னைக்கு பாத்தா, அவங்க எடுக்காட்டியும் இவங்க வாங்கியிருக்க மாட்டாங்க." பிறகு, "யாருக்குமே வேண்டாம்போல" என்றாள். ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம் என்று எத்தனையோ மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாள் அது. மாலையில் சொர்ணம் அம்மாளிடம் சொல்லிக்கொள்ளத் தாராவிக்குப் போனோம். அம்மாவிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று சந்து முனையில் கேட்டேன். "ஒண்ணும் சொல்லப் போறதில்ல மேம். ரகசியம்னுதான் சொல்லிட்டாங்களே. அது ஒரு விதத்துல நல்லதுதான்."

சந்துக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று பேச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் அவள் கன்னத்தைத் தொட்டு விரலைச் சொடுக்கினார். சொர்ணம் அம்மாள் ஒரு பெரிய சட்டி நிறையக் கேசரி கிண்டி, வாசலிலேயே உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். ஏட்டி, டீச்சருக்கு ஸ்டூலப் போடு. எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். எம்மவ மருந்து கண்டுபிடிச்சிட்டா, கொழாயில பூசுனா இனி வெடிக்கவே வெடிக்காதாம்னு. சுடலைக்குத்தான் ஆவல. மத்த பிள்ளைவளாவது பொழைக்கட்டும்."

பேச்சி உள்ளே போகத் திரும்பினாள். அப்போது எதிர் வீட்டு இசக்கி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் மகன் மணி வேலையில்லாமல் இருந்தான். ஷட்டவுன் வேலைக்கு ஆள் எடுக்க ஒப்பந்தக்காரர் வந்து கேட்டும், சுடலைக்கு நடந்ததை நினைத்து அனுப்ப மாட்டேன் என்று இசக்கி ஒரே பிடியாக நின்றதை சொர்ணம் அம்மாள் முன்பே எனக்குச் சொல்லியிருந்தார்.

"பேச்சி, ஒங்கம்ம சொன்னா. நெசந்தானாட்டி? இனிமே பயமில்லல்லா? பய போறேன் போறேன்னு நிக்கான். நான்தான் இம்புட்டு நாளா புடிச்சி வச்சிருந்தேன். அனுப்பலாம்லா?"

சந்தில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பேச்சி அம்மாவைப் பார்த்தாள். சொர்ணம் அம்மாள் கையில் கரண்டியோடு, மகள் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தைக்காகப் பெருமையோடு காத்திருந்தார்.

"அனுப்பாதீங்க சித்தி" என்றாள் பேச்சி.

"ஏன்?"

"பூச மாட்டாங்க."

"யாரு?"

"யாருமே. கொழாயில பூச மாட்டாங்க. வேற எதுக்கோ எடுத்துக்கிட்டாங்க. நான் அதச் சொல்லக்கூடாது. ஆனா கொழாயில பூச மாட்டாங்க. மணிய அனுப்பாதீங்க."

சொர்ணம் அம்மாள் என்னைப் பார்த்தார். டீச்சர் மறுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த முகத்தில் என்ன மாறியது என்று அதனால் எனக்குத் தெரியாது. குரல்தான் கேட்டது. "பாஸாயிட்டுன்னியே?"

"பாஸாயிட்டும்மா. பாஸானதாலதான்."

இசக்கி கிண்ணத்தை வாங்கவில்லை. பிறகு ரொம்ப மெதுவாக, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார். "அனுப்பாம எத்தன நாளைக்கு வச்சிருக்க முடியும், பேச்சி? வீட்டுல அடுப்பு எரியணும்லா. இன்னைக்குக் காலையில நீ பாஸானத கேட்டதும் சரின்னு சொல்லிட்டேன். பேரு குடுத்திட்டான். நாளைக்கு வண்டி."

பேச்சி சந்தைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். நான் வாசலிலிருந்து கேட்டேன். மணியிடம் ஹிந்தியில் பேசினாள், பிறகு தமிழில் பேசினாள், பிறகு திட்டினாள். எந்தக் குழாய்ப் பக்கம் நிற்கக்கூடாது, சுவரில் எப்படிப்பட்ட வெளுப்பு தெரிந்தால் ஓட வேண்டும், கொதிகலனை ஓட்டும் முன் கூப்பிட்டால் என்ன சாக்குச் சொல்லி வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அத்தனை வருட ஆராய்ச்சியில் அவளால் வெளியே சொல்லக்கூடியது அவ்வளவுதான். மணி, சரி அக்கா என்பதை ஹிந்தியில், ஹாங் தீதி, ஹாங் தீதி என்றான். அவன் கவனமெல்லாம் மூட்டை கட்டுவதில் இருந்தது.

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சொர்ணம் அம்மாள் கரண்டியைச் சட்டியில் வைத்தார். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பாதிச் சட்டி மீதியிருந்தது. அவர் ஒரு கிண்ணத்தை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, நிறைய வைத்து என் கையில் கொடுத்தார்.

"சாப்பிடுங்க டீச்சர். தூரம் போவணும்லா."

சாப்பிட்டேன். நெய்யும் ஏலக்காயும் தாராளமாகப் போட்ட நல்ல கேசரி. முழுவதும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரிலேயே நின்றார்.